ஏழுமலை சறுக்கிய ஞாயிறு

மத்தியானம் கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த தினேஷ் மொபைலை என் மூக்குக்கு நேரே நீட்டினான். அமெரிக்காவில் பேஸ்பால் சீசன் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறதாம். முதல் வாரமே சண்டை. ஓடி வருகிறவன், தான் தொட வேண்டிய இரண்டாவது பேஸை நோக்கித் தரையோடு தரையாகக் காலை நீட்டிச் சறுக்குகிறான். அங்கே பந்தைப் பிடித்து வீசப் போனவனின் கணுக்காலில் போய் இடிக்கிறான். அவன் குப்புற விழுகிறான். இதையே நாலு கோணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள்.

"இது ஆட்டமாண்ணா? கால ஒடைக்கணும்னே வர்றான்" என்றான் தினேஷ்.

மெயின்டனன்ஸில் இருக்கும் கஜா விடவில்லை. "இன்னாடா பேசற? ஓட்றவன் சறுக்காம இன்னா பண்ணுவான்? வழிய மறிச்சிகினு நிக்கிறான் பாரு, அவன்தான் தள்ளிக்கணும். ண்ணா, நீ ஆடிக்கிறியாமே, நீ சொல்லு."

என் வாய் நிறையப் புளிசாதம். நல்லதாய்ப் போயிற்று. டிபன் பாக்ஸ் மூடியைப் பார்த்துக்கொண்டே மென்றேன். எவர்சில்வர் மூடி. அதில் 'பாதுகாப்பே முதல்' என்று பொறித்திருந்ததில் 'பாது' தேய்ந்துபோய், மிச்சம் மட்டும் இருக்கிறது. அந்தப் பசங்களிடம் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கஜாவிடம் போய்ச் சொல்லமாட்டீர்கள்.

ஒரகடத்தில் பேஸ்பாலா என்று சிரிக்காதீர்கள். நான் டிப்ளமோ முடித்துச் சேர்ந்த முதல் கம்பெனி ஜப்பான்காரர்களுடையது. கார் கதவுக்கு உள்ளே போகும் சாமான்கள் செய்தோம். அங்கே மோரி என்று ஒரு மேனேஜர் இருந்தார். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு, கம்பெனிக்குப் பின்னால் இன்னும் கட்டிடம் எழும்பாத நிலத்தில் எங்களை நிறுத்தி, ஆளுக்கொரு கையுறையை மாட்டிவிட்டார். வெயில் ஏறுவதற்குள், அதாவது ஏப்ரலுக்குள், ஒரு அணி தயார் பண்ணிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கையுறைகளின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. புதுச் செருப்புக் கடைக்குள் யாரோ தேங்காயெண்ணெய் விளக்கு ஏற்றி வைத்ததுபோல. முதல் மாதம் முழுக்கக் கூத்துதான். பந்தை அடித்தவன் மட்டையைக் கீழே போடாமல், அதையும் தூக்கிக்கொண்டு ஓடி, பேஸுக்கு இரண்டடி முன்பே தரையில் ஊன்றி அம்பயரைப் பார்ப்பான். பிறந்ததிலிருந்து கிரிக்கெட் ஆடிய கை. மோரி தலையில் கை வைத்துக்கொள்வார்.

நான் மட்டும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். காரணம், நான் படித்திருந்தேன். அப்போது எனக்குப் படிப்பின்மேல் அப்படியொரு நம்பிக்கை. நெட்டில் விதிகளையெல்லாம் தேடி எடுத்து, நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதி, படம் வரைந்து, பச்சை மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். எனக்குச் சந்தேகமே இல்லை, அணியின் தலைவன் நான்தான் என்று. மோரி வைத்திருந்த அவருடைய பழைய கையுறை, பள்ளிக்கூடத்தில் ஆடிய காலத்திலிருந்து கூடவே வைத்திருந்தது, ஒருநாள் எனக்குத்தான் வரும் என்றும் நினைத்தேன்.

அது ஏழுமலைக்குப் போயிற்று.

ஏழுமலை, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள். மூன்று வருஷமாக அதே பச்சைச் சட்டை. பர்மனென்ட் ஆட்களான எங்களுக்கு நீலச் சட்டை. பக்கத்துக் கிராமம். கபடி ஆடுகிறவன். அந்த மைதானமே ஒருகாலத்தில் அவர்கள் வீட்டு நிலம்தான். "இங்கதாண்ணா எங்க வேர்க்கடலை கொல்லை. இந்தப் பக்கம் சரளை, அந்தப் பக்கம் பொடி மண்ணு" என்று காலால் தட்டிக் காட்டுவான். விதி ஒன்றும் தெரியாது. என் நோட்டைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, "படம் சூப்பராகீதுண்ணா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.

ஆனால் சறுக்குவான். ஐயோ, அதை எப்படிச் சொல்வது! நாங்களெல்லாம் சறுக்குவதாக நினைத்துக்கொண்டு விழுந்தோம். அவன் ஓடிவருகிற வேகத்திலேயே இடுப்பைத் தாழ்த்தி, ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நீட்டி, பொடி மண் எங்கே இருக்கிறதோ சரியாக அங்கே இறங்குவான். கோட்டைத் தொட்டுத் திரும்புகிற கபடிக்காரனின் கால் அது. மணல் அடைத்த சாக்குப்பைதான் எங்களுக்கு பேஸ். அந்தப் பையில் அவன் பாதம் பட்டு நிற்கும்போது முழங்காலில் ஒரு சிராய்ப்பு இருக்காது. நான் சறுக்கினால் மறுநாள் முழுக்க வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரே வாசனையோடு லைனில் நிற்பேன்.

மோரிக்கு 'ழ'வும் வராது, 'ல'வும் வராது. "எருமராய்-சான்! எருமராய்-சான்!" என்று அவர்கள் ஊர் மரியாதையோடு கத்திக்கொண்டு ஓடிப்போய் அவன் முதுகைத் தட்டுவார். என் பெயரைச் சுத்தமாக உச்சரிப்பார். அந்தச் சுத்தத்தில் ஒரு துளி அன்பு இருக்காது. என்னையும் ஒருநாளாவது தப்பாகக் கூப்பிடமாட்டாரா என்று நான் ஏங்கியது உண்மை. இதைவிடக் கேவலமான பொறாமையை நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தச் சேதி வந்தது. ஏப்ரலில் கொஞ்சம் கான்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனென்ட் ஆக்குகிறார்கள், ஏழுமலைக்கு மோரியே சிபாரிசு எழுதுகிறார் என்று. ஏழுமலை கேன்டீனில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கி வைத்தான். "நீலச் சட்டை வந்துச்சின்னா மொத போட்டோ உன்னோடதாண்ணா" என்றான் என்னிடம். பொண்ணு வீட்டார் பச்சைச் சட்டைக்குப் பொண்ணு தரமாட்டோம் என்று திரும்பிப் போயிருந்தார்கள், அந்த விஷயமும் அதிலேயே சரியாகிவிடும். ஜிலேபியைத் தின்றுகொண்டே எனக்கு வயிறு எரிந்தது. நான் நுழைவுத் தேர்வெழுதி, இன்டர்வியூவில் வியர்த்து வாங்கிய நீலச் சட்டையை இவன் மண்ணில் புரண்டு வாங்குகிறானே என்று இருந்தது. அவன் மூன்று வருஷம் பிரஸ்ஸில் நின்றது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அந்த ஞாயிறு பயிற்சி ஆட்டம். எங்களையே இரண்டாகப் பிரித்து ஆடினோம். நான் இரண்டாவது பேஸில் நிற்கிறேன், எதிரணியில் ஆடிய ஏழுமலை ஓடி வருகிறான். பந்து என் கைக்கு வந்துவிட்டது. பையை மிதித்துவிட்டு, உடனே முதல் பேஸுக்கு வீசினால் இரண்டு பேர் அவுட். நோட்டில் பச்சை மையில் எழுதி வைத்திருந்த இடம். திரும்பினேன். அவ்வளவுதான். அவன் பையை விட்டு ஒரு சாண் தள்ளி, என் காலை நோக்கியே வந்தான். நான் உயரப் பறந்து, கண்ணாடி ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். பேன்ட் பின்பக்கம் கிழிந்தது. மைதானமே சிரித்தது. மோரி கைதட்டினார்.

"அடி பட்ச்சாண்ணா?" என்று ஏழுமலைதான் கை கொடுத்துத் தூக்கினான். கண்ணாடியைத் தேடித் துடைத்துக் கொடுத்ததும் அவன்தான். எனக்கு ஒரு கீறலும் இல்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. அடிபடவில்லை, ஆனால் பட்டிருக்கும் என்று தோன்றுகிற எதையும் 'நியர் மிஸ்' என்று ஒரு அட்டையில் எழுதி, பாதுகாப்புப் பிரிவின் பெட்டியில் போட வேண்டும். தரையில் எண்ணெய், தளர்ந்த போல்ட், ஹெல்மெட் போடாத தலை. மாதத்துக்கு ஆளுக்கு ஒன்றாவது போட்டாக வேண்டும். ஒன்றும் கிடைக்காதவர்கள் பாத்ரூம் ஈரத்தை எழுதுவார்கள். திங்கட்கிழமை காலை நான் ஏழுமலையின் சறுக்கலை எழுதினேன். எதிராளியின் கணுக்காலைக் குறிவைத்துச் சறுக்குகிறார், எலும்பு முறியலாம், தடுக்க வேண்டும். கையெழுத்து மணிமணியாக வந்தது.

அட்டையின் அடியில் ஒரு கட்டம் இருக்கும். 'சம்பந்தப்பட்டவரிடம் நேரில் எடுத்துச் சொன்னீர்களா?' முதலில் ஆளிடம் சொல்வது, அப்புறம்தான் அட்டை. அதுதான் முறை. நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் கேட்டுக்கொள்வான் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. கட்டத்தில் டிக் மட்டும் போட்டேன். அட்டையில் எழுதிய மற்ற எல்லாமே நிஜம்.

அடுத்த ஞாயிறு பக்கத்துக் கம்பெனி அணியோடு ஆட்டம். என் அட்டையைப் படித்துவிட்டுப் பாதுகாப்பு அதிகாரி பொன்மணி மேடமும் பார்க்க வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குடையும் பைலுமாக ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஏழுமலைக்கு அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரியாது. அவரைப் பார்த்து உற்சாகமாகி வணக்கம் வேறு வைத்தான். நான் அவன் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாட்டிலை மூடினேன்.

மூன்றாவது சுற்றில் அவன் இரண்டாவது பேஸுக்குச் சறுக்கினான். அந்த அணிப் பையன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். ஆனால் இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போகிற சுளுக்கு.

திங்கட்கிழமை விசாரணை. மேஜைமேல் என் அட்டை. மோரி ஒரு பக்கம், பொன்மணி மேடம் ஒரு பக்கம், எதிரே ஏழுமலையும் நானும். மோரி எவ்வளவோ பேசினார், ஆட்டத்தில் இது உண்டு, நான்தான் கைதட்டினேன், தப்பு என்னுடையது என்று. மேடம் தலையசைத்துக் கேட்டார்.

"ஆட்டமோ வேலையோ, கால் ஒண்ணுதானே சார். தெரியாம செஞ்சிருந்தா ஒருவாட்டி எச்சரிச்சு விட்டுரலாம். இவுக முன்னாலயே எடுத்துச் சொல்லியிருக்காகளே, இந்தா டிக் போட்ருக்கு. சொன்ன பெறகும் செஞ்சா அது வேற." அப்புறம் ஏழுமலையைப் பார்த்தார். "ஏம்ப்பா, இவுக ஒங்கிட்ட சொன்னாகளா, இல்லையா?"

ஏழுமலை அட்டையைப் பார்த்தான். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும், நோட்டில் பார்த்திருக்கிறான். பிறகு என்னைப் பார்த்தான். பொய் அட்டை போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் நீலச் சட்டை அந்த நிமிஷம் அவன் வாயில் இருந்தது.

"சொன்னாருங்க மேடம். நான்தான் கேக்கல."

அவ்வளவுதான் விசாரணை. மாதக் கடைசியில் கான்ட்ராக்டர் அவன் கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார். போகிற அன்று சைக்கிள் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தான். மோரியின் கையுறையை என்னிடம் கொடுத்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். "எங்கிட்ட சொல்லிக்கலாமில்லண்ணா. வுட்டுட்டு இருப்பேனே" என்றான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

விபத்தை முன்கூட்டியே கண்டுபிடித்த அட்டை என்று அந்த மாதப் பரிசு எனக்கு வந்தது. காலைக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்ட, இந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கொடுத்தார்கள். மனைவி எத்தனையோ தரம் மாற்றச் சொல்லிவிட்டாள். இதைத் தூக்கிப் போட எனக்கு அருகதை இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஏழுமலை மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். முன்பு அவன் சறுக்கல்மேல், மோரியின் குரல்மேல். இப்போது அந்தச் 'சொன்னாருங்க மேடம்' மேல். யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. என்னால் ஆயுசுக்கும் ஆகாத ஒன்று, அதையும் அவன் ஓடிவருகிற வேகத்திலேயே செய்துவிட்டுப் போய்விட்டான். அமெரிக்காவில் சறுக்கினவனும் விழுந்தவனும் ஊரறியத் திட்டிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்தாலும் பொறாமையாக இருக்கிறது.

மோரி அந்த வருஷமே ஊருக்குப் போய்விட்டார். ஸ்டோரில் கிடந்த கையுறைகளை எலி கடித்தது. மைதானத்தில் இப்போது புதுக் கார்கள் வரிசையாக வெள்ளைப் பிளாஸ்டிக் போர்த்தி நிற்கின்றன. நான் இப்போது ஏறும் கம்பெனி பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. இரண்டாவது பேஸ் மூன்றாம் வரிசையில் எங்கேயோ இருக்க வேண்டும். ஏழுமலையின் தெருவே ரோடு விரிவாக்கத்தில் போய்விட்டது. வாலாஜாபாத் பக்கம் குடிபோனதாகச் சொன்னார்கள். ஒரு விடுமுறை நாள் போய் இரண்டு தெரு விசாரித்தேன், மூன்றாவது தெருவுக்கு முன்னால் திரும்பிவிட்டேன். பழைய நம்பரை அடித்தால் இப்போது ஒரு இந்திக்காரர் எடுக்கிறார்.

இப்போது நான் இருக்கும் கம்பெனியில் அட்டை கிடையாது, எல்லாம் மொபைலில். ஆனால் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது, 'நேரில் சொன்னீர்களா?' டிக் போடாமல் அடுத்த பக்கம் போகவே விடாது. இந்த மாதத்துக்கு இன்னும் ஒன்று பாக்கி. கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏழுமலையிடம் நான் இன்னும் சொல்லவில்லை.