முத்துமாரியக்கா கேட்ட முடிவு

செய்தி வந்தபோது நான் தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலையின் எடையை எழுதிக்கொண்டிருந்தேன். "அம்மா போயிட்டாங்கக்கா" என்று கைப்பேசியில் ஒரு வரி. முத்துமாரியக்காவின் மகள் அனுப்பியது. படித்தேன். அடுத்த மூட்டையின் எடையை எழுதினேன். கையெழுத்துகூட மாறவில்லை. இன்றுவரை அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வெட்கமும் இல்லை.

வண்டிப்பெரியாரில் அவரோடு வேலை பார்த்து, இன்று அவர் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு, தூள் சலிக்கும் பகுதியில் எல்லாரையும் அதட்டுகிற அக்காவாக அவரைத் தெரியும். எனக்கு அவர் புத்தகக் கூட்டாளி. நாயக்கர் காலத்து மதுரையில் கொலைகளைத் துப்புத் துலக்கும் ஒரு மருத்துவச்சியின் கதைகள், பதினோரு பாகம். கம்பத்துக்குப் போகும்போது நான் வாங்கி வருவேன். ஒரே பிரதி, இரண்டு பேர்.

வேலை முடிந்து தொழிலாளர் லயத்து வீட்டுக்கு வந்ததும், வாளி வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டுதான் படிப்பார். "தண்ணி ஆறுத வரைக்கும் என்னைய யாரும் கூப்பிடக் கூடாது" என்பது அந்த வீட்டுச் சட்டம். ஒருநாள் மருத்துவச்சி கொலைகாரனை நெருங்கும் நேரத்தில் தண்ணீர் ஆறிவிட்டது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு செம்பு வெந்நீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு யாருக்கும் நேரத்துக்குச் சோறு கிடைக்கவில்லையாம்.

ஐந்தாம் பாகத்தின்போது நான் ஒரு தப்புச் செய்தேன். தேநீர் இடைவேளையில் வாய் தவறி, "அந்தக் கோட்டைக் காவல்காரன நா சந்தேகப்படவே இல்லக்கா" என்று உளறிவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, நாள் பூரா தூசியத் தின்னுட்டுப் போறேன். எனக்குன்னு இருக்கது அந்த ஒரு மணி நேரம். அதையும் புடுங்கிட்டியே."

நான்கு நாள் பேசவில்லை. பிறகு புத்தகத்தை முடித்துக் கொண்டுவந்து தந்தார். "யாருன்னுதான் சொன்ன, ஏன்னு சொல்லல. அதனால தப்பிச்ச" என்றார். இனி முடிவைப் பற்றி மூச்சே விடுவதில்லை என்று சத்தியம் செய்தேன்.

கடைசிப் பாகம் வந்தபோது அவர் கோட்டயத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் படித்து முடித்துவிட்டு எடுத்துப்போனேன். புத்தகத்தைப் பிடிக்க அவர் கையில் தெம்பில்லை.

"முடிவச் சொல்லிருடி" என்றார்.

சத்தியத்துக்காகத்தான் மறுத்தேன் என்றால் அது பொய். சொல்லிவிட்டால், அவர் வீடு திரும்ப மாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குப் பயந்தேன். "வீட்டுக்கு வந்து நீங்களே படிங்கக்கா."

"நல்ல நெஞ்சழுத்தக்காரிதான்டி நீ" என்று சிரித்தார். கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. மறுவாரம் வரலாம் என்று நினைத்தேன். மறுவாரம் அவர் இல்லை.

புத்தகத்தை அவர் மகள் திருப்பித் தந்தாள். அலமாரியில் இருக்கிறது. ஆனால் அவர் நினைவாக நான் வைத்திருப்பது அதை அல்ல. கேட்டும் சொல்லாமல் வந்த அந்த முடிவைத்தான்.

அக்கா, கொன்றது மருத்துவச்சியின் தம்பி. அவள் மேல் விழவிருந்த பழியைத் தடுக்கத்தான் செய்தான்.