சுந்தரி யார் என்று கேட்டவர்களுக்கு

எங்கள் நைனா கண்மூடி ஓராண்டு ஆகிறது. பூசை முடிந்து பிரியாணிப் பொட்டலத்தோடு இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்டு போகும் உறவினர்களே, நண்பர்களே, உங்களில் பாதிப்பேர் ஜெபத்தையும் படத்தையும் தள்ளிவிட்டு நேராக இந்தப் பக்கத்துக்குத்தான் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். சுந்தரி யார்? அதுதானே? ஒரு வருடமாகக் கல்யாணத்தில் கேட்டீர்கள், புதுநன்மை விருந்தில் கேட்டீர்கள், மீன் மார்க்கெட்டில் பையைப் பிடித்து நிறுத்திக் கேட்டீர்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் முறைப்படி பிறப்பிலிருந்துதான் தொடங்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைனா பிறந்தது ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நைனா எட்டாம் வகுப்பு முடித்த வருடம் தாத்தா முதுகு ஒடிந்து படுத்துவிட்டார். அதோடு படிப்பு போயிற்று. கொஞ்ச நாள் காசிமேட்டில் ஐஸ் உடைத்தார். பிறகு திருவொற்றியூரில் ஒரு கழிவுத்தாள் கிடங்கில் சேர்ந்தார். வெளிநாட்டுப் பழைய காகிதம் கப்பலில் பெரிய பெரிய கட்டுகளாக வந்து அங்கே இறங்கும். அந்தக் கட்டுக்குப் பேல் என்று பெயர். பேலை உடைத்து, வெள்ளைத்தாள் தனி, பழுப்புத்தாள் தனி, அட்டை தனி என்று பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். நைனா முதலில் பேல் உருட்டினார். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பார் என்பதால் பிறகு மேஸ்திரி ஆனார். முப்பத்திரண்டு வருடம் அதே கிடங்கு.

நைனா குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். யாரையும் வாடா போடா என்று பேச மாட்டார். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், காகிதத்தைத் தூக்கிப் போட மாட்டார். அந்த ஒரு பழக்கமே எங்கள் உயிரை வாங்கப் போதுமானதாக இருந்தது.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள், சணல் கயிற்றால் கட்டிய ஒரு பொதியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த பேலுக்குள் கிடந்ததாம். யார் வீட்டை யார் காலி செய்து குப்பையில் போட்டார்களோ, ஒரு குடும்பத்தின் மொத்தக் காகிதமும் அதில் இருந்தது. ஆயிரத்து எண்ணூறுகளில், அந்த நாட்டின் மேற்கே, ரயில்கூடப் போய்ச் சேராத ஏதோ ஓர் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர்கள். கடைப் பேரேடு, விதை வாங்கிய சீட்டுகள், மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறியின் படம், பனியில் கன்று செத்துப்போனதைச் சொல்லும் கடிதம், ஒரு குழந்தை ஒரே வரியை இருபது தடவை எழுதிப் பழகிய தாள். எங்கள் வீட்டில் மழைக்கு ஒழுகாத இடம் ஒன்றே ஒன்றுதான், நைனாவின் இரும்புப் பெட்டி. அமெரிக்கர்கள் அதில் குடியேறினார்கள். எங்கள் காகிதங்கள் மஞ்சப்பையில் ஆணியில் தொங்கின. அந்த வருட மழையில் என் பிறப்புச் சான்றிதழ் கரைந்து போயிற்று. தம்பியின் மாற்றுச் சான்றிதழ் ரேஷன் கார்டோடு ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர்கள் மட்டும் சொட்டு ஈரம் படாமல் சௌக்கியமாக இருந்தார்கள்.

தினம் வேலை முடிந்து வந்ததும் அந்தப் பேரேட்டைப் பிரித்து எழுத்துக்கூட்டுவார். பிறகு பக்கத்து வீட்டுச் செய்தி போல எங்களிடம் சொல்வார்.

"அவங்க வூட்டுல ஆணி தீந்துபோச்சாம். வண்டி வர இன்னும் ஒரு மாசம் ஆவுமாம்."

அம்மா அடுப்படியிலிருந்து கத்துவார்: "இங்க அரிசி தீந்து மூணு நாளாவுது. அத்த எந்த நோட்டுலயாவது படிச்சியாய்யா?"

இப்படிப் படித்துக்கொண்டிருந்தவர்தான் ஒரு நாள் சுந்தரியைக் கண்டுபிடித்தார். பேரேட்டில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாரும்மா, எஸ், யூ, என், டி, ஆர், ஐ. சுந்தரி! நம்ம பொம்பள ஒண்ணு அங்க இருந்துகிது. துறைமுகத்து ஜனம், எந்தக் கப்பல்ல ஏறிப் போச்சோ."

"கடைசில இ, எஸ் இருக்கே நைனா?"

"அது மரியாதைக்கு. நாம ங்க போட்றமே, அத்தமாதிரி. சுந்தரிங்க."

எனக்கு வயது பதினொன்று. நம்பிவிட்டேன். நைனாவோ பக்கம் பக்கமாகத் தேடினார். யார் கணக்கைப் பிரித்தாலும் கடைசியில் சுந்தரி இருந்தாள். "எல்லார் கணக்குலயும் வர்றா. அப்போ ஊர்ல எல்லார் வூட்டுலயும் வேலை செஞ்சிகிறா. ஆனா அவளுக்குன்னு ஒரு கணக்கு இல்ல பாத்தியா" என்று வருத்தப்படுவார். சாப்பாட்டு நேரத்தில் சுந்தரி கதை இல்லாத நாளே கிடையாது.

பி.காம். முதல் வருடம் கணக்குப்பதிவியல் வகுப்பில் எனக்கு உண்மை விளங்கியது. மானம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினேன்.

"ஐயோ நைனா! அது பொம்பளையும் இல்ல, சுந்தரியும் இல்ல. சண்ட்ரீஸ். தனியா பேர் எழுத லாயக்கில்லாத சில்லறையெல்லாம் ஒண்ணா சேத்துப் போட்றது. உன் கிடங்கு ரிஜிஸ்டர்ல இதரன்னு எழுதுறியே, அதான் இது!"

நைனா என்னையே பார்த்தார். "இதரவா?" என்றார். "ஆமாம்" என்றேன். பேரேட்டை மூடிப் பெட்டியில் வைத்தார். விட்டது சனி என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

எங்கே விட்டது? அதே வருடம் கல்லறைத் திருநாள் பூசை. உபதேசியார், யார் யாருக்காகப் பூசை என்று பூசைக் கருத்துகளை வாசித்துக்கொண்டே வந்தவர், "சுந்தரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று படித்து, கொடுத்தவர் என்று எங்கள் நைனாவின் பெயரையும் கணீரென்று சொன்னார். கோயில் முழுக்கத் திரும்பி அம்மாவைப் பார்த்தது. அம்மா வாசல் தாண்டும்வரை பொறுத்தார்.

"யோவ், யார்யா அவ?"

"அந்த நோட்டுல கீறாளே, அவதான்."

"அது ஆளே இல்லன்னு பொண்ணு சொல்லிச்சே! ஆளே இல்லாதவளுக்கு இன்னாத்துக்குய்யா பூசை?"

நைனா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். அடுத்த நவம்பரிலும் சுந்தரிக்குப் பூசை. அதற்கடுத்த நவம்பரிலும். இருபத்தைந்து வருடம்! நான் திருத்திச் சொன்னதற்கு வீம்பு பண்ணுகிறார் என்று நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. அம்மாவின் மனதில் சுந்தரிக்குக் கண்ணும் மூக்கும் முளைத்து, வகிடும் வளையலும் வந்து, திருவொற்றியூரில் ஒரு வீடும் வந்துவிட்டது. சண்டை வரும்போதெல்லாம் "போய் அவகிட்டயே சோறு வாங்கித் துன்னு" என்பார். நைனா சிரித்துக்கொண்டே வெளியே போய் நிற்பார். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வரும்.

கடைசி மூன்று வருடம் சர்க்கரை நோய் நைனாவைப் படுத்தி எடுத்தது. இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். அப்போதும் வலி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. தம்பி தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார வைக்கும்போதுகூட "முதுவு பத்திரம்டா" என்றுதான் சொன்னார். போன ஆகஸ்டில் ஒரு காலை, பாதி டம்ளர் காபி குடித்தவர் என்னைப் பார்த்து, "பொட்டிய வெளிய போட்றாதீங்கம்மா" என்றார். பிறகு பேசவில்லை. பெற்ற பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு ஒன்றுமே இல்லையா என்று அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது உண்மை.

அன்று மதியம் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய ஐந்து பெண்களில் வயதான ஒருவர் நைனாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். அம்மா எழுந்து நின்று, ஜெபம் நிற்கும்படியாக உரக்கக் கேட்டார்:

"நீதான் சுந்தரியா?"

அந்த அம்மா தலையை நிமிர்த்தி, "நான் ராணிம்மா. சுந்தரிக்கு அந்தப் பேரே மேஸ்திரி வச்சதுதான்" என்றார். அதற்குள் தம்பி அவரை அடுக்களைக்கு அழைத்துப் போய்விட்டான். அம்மாவும் நானும் பின்னாலேயே போனோம். உங்கள் காதில் விழுந்தது அவ்வளவுதான். "மேஸ்திரி பேர் வச்சார்" என்றதைப் பிடித்துக்கொண்டு, குழந்தை என்று முடிவுகட்டி, அந்தக் குழந்தைக்கு மணலி புதுநகரில் கல்யாணமும் செய்து வைத்துவிட்டீர்கள். நன்றாக இருப்பீர்கள்! அடுக்களையில் ராணியம்மா சொன்ன மீதியை இப்போது கேளுங்கள்.

"நாங்க ஆறு பொம்பளைங்க பேப்பர் பிரிப்போம். ரிஜிஸ்டர்ல எங்க பேரு இருக்காது. இதர ஆள் ஆறுன்னு மேஸ்திரிதான் அவர் கையால எழுதுவாரு. அப்டித்தான் எழுதணும்னு ஓனரு சொல்லிகிறாரு. அதுல ஒரு அக்கா கல்மண்டபத்துல இருந்து வரும். ஆறு வருசம் எங்களோட குந்திகினு வேலை செஞ்சுது. கல்மண்டபம், கல்மண்டபம்னே கூப்ட்டுப் பழகிட்டோம். ஒரு நாளு பேல் அடுக்கு சரிஞ்சு அது மேல வுழுந்து உசுரு போயிடுச்சு. ஆஸ்பத்திரில பேரு இன்னான்னு கேட்டாங்க. எங்களுக்குத் தெரியல. மேஸ்திரிக்கும் தெரியல. ரிஜிஸ்டர் தொறந்து பாத்தா இதர. அவரு கையெழுத்து."

அம்மா அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டார். ராணியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு தொடர்ந்தார்.

"பத்து ஞாயித்துக்கெழம கல்மண்டபத்துல வூடு வூடா போய்க் கேட்டாரும்மா. ஒருத்தரும் எங்க ஆளுன்னு சொல்லல. பூசைக்கு எழுதப் போனா, பேரு இல்லாம எப்டிப் படிக்கிறதுன்னு கேட்டாங்களாம். பேரு கீது, எங்க வூட்டு நோட்டுல கீதுன்னு சொல்லி சுந்தரின்னு எழுதிக் குடுத்தாராம். எங்ககிட்ட சொல்லி அழுதாரு. உங்ககிட்ட சொல்ல வெக்கம்னாரு."

அது எந்த வருடம் என்று கேட்டேன். நான் பி.காம். சேர்ந்த வருடம். எழுத லாயக்கில்லாத சில்லறை என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். நைனா அதைக் கேட்டு அந்தச் சொல்லுக்கு ஓர் உயிரைக் கொடுத்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. கூடவே கோபமும் தீரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் என்ன, நைனா? இருபத்தைந்து வருடம் அம்மாவும் அழுது, நீயும் வாங்கிக் கட்டிக்கொண்டு, யாருக்கு என்ன லாபம்?

மூன்றாம் நாள் இரும்புப் பெட்டியைத் திறந்தோம். பேரேட்டில் அமெரிக்கக் கடைக்காரர் கால்வாசிதான் எழுதியிருந்தார். மீதிப் பக்கங்களில் நைனாவின் தமிழ் எழுத்து. கிடங்கு ரிஜிஸ்டரில் ஓனர் எழுதவிடாததை வீட்டில் எழுதியிருக்கிறார். சுந்தரிக்கு முதல் பூசை வைத்த நவம்பர் தொடங்கி ஓய்வு பெற்ற நாள்வரை, தேதி போட்டு, அன்றன்று வேலைக்கு வந்த பெண்களின் பெயர்கள். ராணி, பார்வதி, மேரி, குப்பம்மா, ஜரினா என்று வரிசையாக. இதர என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். பாதியில் நிறுத்தி, "பாவி மனுசா, சொல்லியிருக்கலாம்ல" என்று நைனாவின் படத்தைப் பார்த்துத் திட்டிவிட்டு மறுபடி படித்தார்.

போன கல்லறைத் திருநாளுக்குப் பூசைக் கருத்து எழுதிக்கொடுக்க அம்மாவே போனார். உபதேசியார் தயங்கித் தயங்கி, "சுந்தரி உங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாராம்.

"எங்க வூட்டுக்காரரு வகையில சொந்தம். எழுதுய்யா" என்றாராம் அம்மா.

போதுமா? இனி யாரும் என்னை மார்க்கெட்டில் நிறுத்த வேண்டாம்.

நைனாவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்த அரசு மருத்துவமனைச் செவிலியருக்கும், நடுத்தெருவில் பந்தல் போட இடம் விட்ட அண்டை வீட்டாருக்கும், ஐஸ் பெட்டியைத் தேடி அலைந்த பெரிய மாமாவுக்கும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த ராணியம்மாவுக்கும் மற்ற நால்வருக்கும் (பார்வதி, குப்பம்மா, ஜரினா, லட்சுமி) எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருளவும் என்று எல்லா மலரிலும் போடுவார்கள். நான் போட மாட்டேன். விடுபட்டிருந்தால் தாராளமாகக் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பெயரைச் சொல்லுங்கள். நைனாவின் பேரேட்டில் இன்னும் பதினோரு பக்கம் மீதி இருக்கிறது. அம்மா எழுதிக்கொள்வார்.