லபோன் வீட்டில் ஒன்பது பகல்கள்

கடலோர நகரின் லபோன் பகுதியில், அந்தத் தெருவில் மாடி இல்லாத வீடு கோஷி ஒக்போட்டியுடையது ஒன்றுதான் மிச்சம். அவளுக்கு எழுபத்திரண்டு வயது. பிள்ளைகள் கிடையாது. பொதுப்பணித் துறையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த கணவன் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. ஐம்பதுகளின் கடைசியில் அரசாங்கம் கட்டிய அந்த வீட்டை, அதன் கூரையைப் பார்த்தே வாங்கினான் அவன். சுவரைத் தாண்டி இரண்டு முழம் நீண்டிருக்கும் கூரை. காலை பத்து மணிக்கு மேல் வெயில் தெற்குச் சுவரைத் தொடாது. வீடு முழுக்க ஓர் அறை அகலம்தான். தெற்கே கண்ணாடிப் பட்டை ஜன்னல்கள், வடக்கே காற்றுத் துளைகள் விட்ட சிமெண்ட் ஜாலிச் சுவர். கடற்காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். கணவன் போனபின் அந்த வீட்டில் தானாக அசைவது திரைச்சீலைகள் மட்டும்தான்.

பக்கத்தில் எட்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம் வந்து ஆறு வருடம். அங்கிருப்பவர்கள் காரில் வந்து லிஃப்டில் ஏறிவிடுவார்கள். ஒருவர் பெயர்கூட கோஷிக்குத் தெரியாது.

மார்ச் மாதம் அந்தக் கட்டடத்தின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. மறுநாள் நண்பகலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் கேட்டருகே நின்றாள்.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. அஞ்சாவது மாடி, பேரு எசினாம். மேல ஒரே வேக்காடு. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. செத்த நேரம் உங்க வாசல்ல உக்காந்துக்கட்டுமா?"

"வாசல்ல எதுக்கு? உள்ள வா. தரையில போடு, தானா தூங்கும்."

மொசைக் தரையில் விரித்த துணியில் குழந்தை தூங்கிப்போனது. எசினாம் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஏசி எங்க ஆன்ட்டி வச்சிருக்கீங்க?"

"கடல்ல."

அடுத்த நாள் எசினாம் தன் மாமனாரையும் கூட்டிவந்தாள். எண்பத்து மூன்று வயது, ஆர்யீ என்று பெயர். மூன்றாம் நாள் பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். கென்கி என்ற புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் மிளகாய்த் தொக்கும் வந்தன. ஒரு மூலையில் லூடோ நடந்தது. வெயில் நகர நகர எந்த ஜன்னல் பட்டையைச் சாய்க்க வேண்டும், எதை நிமிர்த்த வேண்டும் என்று கோஷி சொல்லிக்கொடுத்தாள்.

"எட்டு மாடி கட்டினவனுக்கு இது தெரியலையே," என்றார் ஒருவர்.

"அவனா அதுல குடியிருக்கான்? நீங்கதானே," என்றாள் அவள்.

ஆர்யீ வாய் திறக்காத மனிதர். ஜாலிக்குப் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். நான்காம் நாள்தான் பேசினார்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா, தயவுசெஞ்சு."

கோஷி அப்படியே நின்றுவிட்டாள். இருபத்தாறு வருடம் தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்தவள் அவள். முகங்களை மறந்துவிடுவாள், குரலை மறக்க மாட்டாள். வியாழக்கிழமை தோறும் நாலு மணிக்கு, பன்னிரண்டு வருடம், இதே குரல் குமாசி நகரில் ஒரே எண்ணைக் கேட்டது. அதற்கு முன்னால் 'நல்லா இருக்கீங்களா, மேடம்' என்று விசாரிக்கும். வேறு யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

"சார், வியாழக்கிழமை நாலு மணி குமாசி ட்ரங்க் கால் நீங்கதானே? நான்தான் லைன் போட்டுக் குடுப்பேன்," என்றாள் சந்தோஷம் தாங்காமல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எசினாம் சிரித்தாள். "குமாசில நமக்கு யாரு மாமா இருக்கா?"

"வியாபாரம்," என்றார் ஆர்யீ. கேட்ட தண்ணீருக்குக்கூட நிற்காமல் எழுந்து போனார்.

அதன்பிறகு அவர் வரவில்லை. ஒன்பதாம் நாள் பிற்பகலில் கரண்ட் வந்து, பக்கத்துக் கட்டடத்தின் ஏசிகள் மறுபடி உறுமத் தொடங்கின. லூடோக் காய்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்கள். ஆளாளுக்கு நன்றி சொன்னார்கள். பத்து நிமிடத்தில் வீடு காலி.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு கோஷி முதன்முறையாக அந்த லிஃப்டில் ஏறினாள். எசினாம் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து குளிர் முகத்தில் அடித்தது.

"மாமா தூங்குறாரு ஆன்ட்டி."

உள்ளறையில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. கோஷி திரும்பிவிட்டாள். காதில் விழுந்ததை வெளியே சொல்லாதிருப்பதுதான் அவள் தொழிலின் முதல் பாடம். இத்தனை வருடம் காத்ததை ஒரு நொடியில் கொட்டிவிட்டோமே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஆர்யீ தனியாக வந்தார். ஜாலிக்குப் பக்கத்தில் அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"அவ பேரு அனிமா. எம்பத்தி நாலுல செத்துப்போயிட்டா. எனக்கு யாரு சொல்லுவா? ரெண்டு வியாழன் மணி அடிச்சிக்கிட்டே இருந்துச்சு."

"ஞாபகம் இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் அடிக்க விடுறேன் சார்னு சொன்னேன்."

"ஆமா. நீங்கதான் அது."

"அத்தனை பேர் முன்னாடி நான் சொல்லியிருக்கக் கூடாது."

"நாப்பது வருஷமா அவளைப்பத்தி யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல, மேடம். திடீர்னு கேட்டதும் தாங்கல." அவர் ஜாலியை நிமிர்ந்து பார்த்தார். "அவ இருந்த வீடும் இதே மாதிரிதான், ரயில்வே குடியிருப்பு. ஃபோன்ல பேசும்போது பின்னால காத்து இப்படித்தான் போய்க்கிட்டிருக்கும். அதைக் கேக்கத்தான் இங்க வந்து உக்காந்தேன்."

மாலைவரை இருந்தார். மறுபடி வருவதாகச் சொன்னார். இன்னும் இரண்டு முறை வந்தார். கோஷி வேர்க்கடலையும் சுட்ட வாழைக்காயும் வைத்தாள்.

மே மாதம் ஆர்யீயின் மகனுக்கு, அதாவது எசினாமின் கணவனுக்கு, டக்கோராடி என்ற ஊருக்கு மாற்றலாகி, குடும்பமே கிளம்பியது. எசினாம் காரிலிருந்து கையசைத்தாள். பின்சீட்டில் ஆர்யீ இருந்தாரா என்று கறுப்புக் கண்ணாடியில் தெரியவில்லை. ஐந்தாவது மாடிக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. சுற்றிலும் இருந்தவர்கள் ஜன்னல்களை அடைத்துக்கொண்டார்கள். கோஷி ஒன்றையும் சாத்தவில்லை. கூரை அவ்வளவு நீளம், எப்படிக் கொட்டினாலும் சாரல் உள்ளே எட்டாது. ஈரக்காற்று அறையைக் கடந்து போய்க்கொண்டிருக்க, திரும்பி யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது அவளுக்கு. நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு மழை விடும்வரை உட்கார்ந்திருந்தாள்.