மோட்டார் ரூமில் ஓர் ஆடி மாதம்

மகளுக்கு அந்தமானில் வேலை கிடைத்திருக்கிறது. கடல் சம்பந்தமான ஏதோ ஆராய்ச்சி. அவள் இரண்டு முறை விளக்கியும் எனக்குப் பிடிபட்டது பவளப்பாறை என்ற ஒரு சொல்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், சாப்பாட்டு மேசையில் நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்க, எதிரே லேப்டாப்பை வைத்துக்கொண்டு தங்க இடம் தேடினாள். போய் இறங்கியதும் பத்து நாளைக்கு ஓர் அறை, அப்புறம் ஒரு வருஷத்துக்கு ஒரு வீடு. அரைக் கிலோ வெண்டைக்காய் முடிவதற்குள் இரண்டையும் முடித்துவிட்டாள்.

"வீட்டுக்காரர் ஒண்ணுமே கேக்கலியாம்மா?"

"எதுக்குப்பா கேக்கணும்? ஐடி அப்லோட் பண்ணியாச்சு."

படத்தில் மொட்டை மாடியும், அதன் மேல் கறுப்புத் தொட்டியும் தெரிந்தன. "தண்ணி எப்படியாம்?" என்றேன். தண்ணிக்கு நாலரை ஸ்டார் என்றாள். ஸ்டாரை வைத்து என்ன செய்வது, குடித்தல்லவா பார்க்க வேண்டும்!

நாங்கள் குடித்துத்தான் பார்த்தோம். அப்போதெல்லாம் தாம்பரம் பக்கம் வீடு தேடுகிறவன், வாசலில் நுழைந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பான். தாகம் என்று நடிப்பான். உப்பா, சப்பையா, இரும்பு வாடையா என்று நாக்கு சொல்லிவிடும். வீட்டுக்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? சேலையூரில் ஓர் அம்மா, நான் தண்ணீர் கேட்டதும் சிரித்த முகமாக மோர் கொண்டுவந்து கொடுத்தார். பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் போட்ட அருமையான மோர். இப்படியும் நல்லவர்கள் இருக்கிறார்களே என்று உருகிப்போய் அறைக்குத் திரும்பிச் சொன்னால், கூட இருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மோர் கொடுத்தால் கிணறு உப்பு என்று அர்த்தமாம்.

அறை என்றேனே, அது மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி. ரயில் போனால் மேசைமேல் டம்ளர் தானாக நகரும். நான்கு பேர் இருந்தோம். காயாத லுங்கியும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் கலந்த ஒரு வாடை, இன்றைக்கும் மழை நாளில் எங்கிருந்தோ வந்து மூக்கைத் தொடும். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மனைவி எஸ்தர் திருநெல்வேலிப் பக்கம் டீச்சர். நான் இங்கே ஆபீஸில் குமாஸ்தா. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் போவேன். பெட்டியை இறக்கி வைத்து முகம் கழுவுவதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும்.

அப்படி இருக்கையில்தான் அவளுக்குச் சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கிடைத்தது. ஆடி பிறந்து ஐந்தாம் நாள் வந்து சேர வேண்டும். வீடு கிடைக்காவிட்டால் பெண்கள் ஹாஸ்டல். அங்கே சேர்ந்தால் படிப்பு வருஷம் முடிகிற வரைக்கும் இடையில் விடமாட்டார்களாம். கணவன் வந்து பார்ப்பதற்கு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் அனுமதி, அதுவும் வார்டன் அறை வராந்தாவில். ஒரே ஊரில் இருந்துகொண்டு இன்னொரு வருஷம் பிரிந்திருப்பதா? 'நாலு சுவர், ஒரு கூரை போதும்' என்று எஸ்தர் இன்லண்டு லெட்டரில் எழுதியிருந்தாள்.

நாலு சுவருக்காகச் சைக்கிளில் நான் சுற்றாத தெரு இல்லை. எந்த ஊர், எத்தனை பேர், கவிச்சி சமைப்பீங்களா என்று வாசலிலேயே பரீட்சை நடக்கும். பெருங்களத்தூரில் ஒரு வீட்டில் எல்லாம் கூடி வந்த நேரத்தில், என் வாய் சும்மா இருக்காமல், "முட்டை மட்டும் உண்டுங்க" என்றது. கேட்டைச் சாத்திவிட்டார்கள். உண்மை பேசிய பெருமையோடு சைக்கிளை மிதித்தேன். வேறென்ன செய்வது?

ஆடி நெருங்க நெருங்க எனக்கு ஒரு குஷி பிறந்தது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். டு-லெட் பலகைகள் சீந்துவாரின்றித் தொங்கும். நாமோ வேதக்காரர்கள், கிறிஸ்தவர்களுக்கு ஆடியாவது ஆவணியாவது, எல்லா வீடும் நமக்குத்தான் என்று கணக்குப் போட்டேன். இதைவிட மடத்தனமான கணக்கை நான் ஆபீஸில்கூடப் போட்டதில்லை.

சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் கன்னியப்பன் என்பவரின் வீட்டுப் பின்பகுதி காலியாக இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை. அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். வயலெல்லாம் மனையாகி விற்றுப்போக, மிஞ்சியது வீடும் கிணறும் கிணற்றடி மோட்டார் ரூமும்தான். தண்ணீர் கேட்டேன். தண்ணீரே கொடுத்தார்கள். கல்கண்டு! முட்டையைப் பற்றி நானாக வாயைத் திறக்கவில்லை. அவராகவே, "மீனு கொயம்பு வச்சா எங்களுக்கும் ஒரு கிண்ணம் குடு சார்" என்று சொல்லிவிட்டார். எல்லாம் பேசி முடித்து, ஆடி நாலாம் தேதி வருகிறோம் என்றேன். மனிதர் பதறிப்போனார்.

"இன்னா சார் நீ, ஆடில போயி குடி வரேன்ற?"

"எங்களுக்கு ஆடியெல்லாம் கிடையாதுங்க."

"உனக்கு இல்ல சார். வூட்டுக்குக் கீதே!"

இதற்கு நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? ஆவணி ஒண்ணாம் தேதி வா என்று எழுந்துவிட்டார். அதற்குள் எஸ்தர் ஹாஸ்டலுக்குப் போயிருப்பாள். நான் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். ரயில், இன்லண்டு லெட்டர், வார்டன் வராந்தா, ஒன்றையும் விடவில்லை.

"நல்லாக்கீதே கதை," என்றார் கன்னியப்பன். "ஆடில புருசன் பொஞ்சாதிய பிரிச்சி வைப்பாங்க. நீ இன்னான்னா அப்பதான் ஒண்ணு சேர்றேன்னு வந்துகினு கீற."

"எங்களுக்கு ரெண்டு வருஷமா ஆடிதாங்க நடக்குது" என்றேன்.

கதவோரம் நின்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி தாயாரம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"யோவ், மோட்டார் ரூமு வூடு இல்லியே. அதுல படுத்துக்கினா குடி வந்ததா ஆவாது. இருந்துட்டுப் போகட்டும்யா பாவம்."

கன்னியப்பன் மேலே கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். "பால் மட்டும் காச்சக் கூடாது. பால் பொங்கிச்சின்னா அது குடித்தனம்."

எஸ்தர் வந்து இறங்கினாள். மோட்டார் ரூமைப் பார்த்துவிட்டு அழுவாளோ என்று பயந்துகொண்டே கதவைத் திறந்தேன். பத்துக்கு எட்டு. அதிலும் ஒரு மூலை மோட்டாருக்கு. கிரீஸும் ஈரச் செங்கல்லும் பழைய சாக்கும் கலந்த வாடை. அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாலு சுவர் இருக்குல்லா, பொறவென்ன?" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு பெருக்கத் தொடங்கினாள்.

தினமும் காலை ஆறு மணிக்குத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடுவார்கள். அறையே ஆடும். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் ஏதாவது சொல்வாள். நான் "ஆங்?" என்பேன். இன்னும் கிட்ட வந்து காதோடு கத்துவாள். பெரிய சங்கதி ஒன்றும் இருக்காது, உப்பு வாங்கி வாங்க என்பதுதான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கிடப்போம். பால் காய்ச்சத் தடை என்பதால் எங்களுக்குக் கடுங்காப்பி. அவள் முகம் சுளித்துக் குடிப்பதைப் பார்த்த தாயாரம்மா, தன் அடுப்பிலேயே பாலைக் காய்ச்சி, சூடு ஆறியபின் ஒரு சொம்பில் கொண்டுவந்து வைப்பார். ஆறின பாலுக்கு ஆடி கிடையாது போலிருக்கிறது.

நிற்க இடமில்லாத அறை அது. அவள் நோட்டுத் திருத்தினால் நான் விளக்கை மறைக்காமல் ஒதுங்கி உட்கார வேண்டும். கோபித்துக்கொண்டு போவதற்கு வேறு மூலைகூடக் கிடையாது. ஒருநாள் சண்டை போட்டு, போவதற்கு இடமில்லாமல், ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்துகொண்டே அரை மணி நேரம் கோபமாக இருந்தோம்.

ஆவணி பிறந்தது. பின்பகுதி வீட்டில் தாயாரம்மா கோலம் போட்டார். எங்கள் போதகர் கால் மணி நேரம் ஜெபம் செய்தார். பால் பொங்கியது, இரண்டு தரப்புக்கும் திருப்தி. சாமான்களை மாற்றி முடித்த சாயங்காலம், எஸ்தர் புது வீட்டின் நடுவில் நின்று அங்கும் இங்கும் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இன்னும் ரெண்டு நாளு அங்கனயே இருப்போமா?" என்றாள். ஊர் சிரிக்கும் என்று நான்தான் மறுத்துவிட்டேன். போயிருக்கலாம்.

அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்தோம். மகள் அங்கேதான் பிறந்தாள். கன்னியப்பனும் தாயாரம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். கிணற்றைத் தூர்த்து, மோட்டார் ரூமை ஒரே காலையில் இடித்து, இப்போது அங்கே நாலு மாடி நிற்கிறது. கிணறு இருந்த இடத்தில் கார்கள்.

நாங்கள் மூன்று படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறோம். என் குறட்டைக்காக எஸ்தர் கோடி அறைக்கு மாறிப்போய் ஐந்தாறு வருஷம் ஆகிறது. அவள் அறைக்கதவு சாத்தியிருக்கும், என்னுடையதும் சாத்தியிருக்கும், நடுவில் ஹாலில் டிவி யாருக்கோ ஓடிக்கொண்டிருக்கும். நேற்று மத்தியானம் என் போனில் ஒரு செய்தி வந்தது. 'சாப்பாடு ரெடி' என்று எஸ்தர் அனுப்பியிருந்தாள். நானும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு எழுந்து போனேன்.