கொழுந்தியாள் கன்னத்தில் என் வேதியியல்

பதினைந்து வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திய நான், டீத்தண்ணி நிறத்தில் இருந்த, முகத்துக்குப் பூசும் ஒரு வைட்டமின் சி சீரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கலரைப் பாருங்க சார், எவ்வளவு கெட்டியா இறங்கியிருக்கு" என்று பாராட்டி வாங்கினேன். வெட்டி வைத்த ஆப்பிள் ஏன் பழுப்பாகிறது என்று வருடம் தவறாமல் வகுப்பில் கேள்வி கேட்டவன்தான். பதில் தெரியாத பிள்ளைகளை நிற்கவும் வைத்திருக்கிறேன். அதையெல்லாம் நினைத்தால் இப்போது கால் வலிக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, வாத்தியார்கள் கைக்குச் செல்போன் வந்து, பிள்ளைகள் கைக்கு இன்னும் வராதிருந்த வருடங்களில் ஒன்று. என் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சின்னாளப்பட்டி, கூட்டுறவு வங்கியில் எழுத்தர். கொழுந்தியாள் ஆத்தூர்ப் பக்கம் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். திண்டுக்கல்லில் இருந்து தினமும் ஸ்கூட்டியில் போய் வருவாள். இரண்டு கன்னத்திலும் பரு வந்து போன தடங்கள் இருந்தன. அந்த ரோட்டு வெயில் அவற்றை வருடக்கணக்காகப் பதமாக வறுத்து வைத்திருந்தது.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அக்கா பூ வைத்துவிட்டு, கிட்டத்தில் குனிந்து பார்த்து, "இது என்ன கறுப்பு கறுப்பா? போட்டோவுல விழுமே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. சுவரில் ஈரம் பார்த்துச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து கொழுந்தியாள் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஸ்கூட்டியின் இரண்டு கண்ணாடிகளும் ரோட்டைக் காட்டுவதை நிறுத்தி அவள் முகத்தைக் காட்ட ஆரம்பித்தன. கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது.

"இந்த ஆசிட்டு கீசிட்டெல்லாம் உங்களுக்குத்தான தெரியும். அவளுக்கு ஏதாச்சும் பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

எங்கள் மணவாழ்வில் என் பாடத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் சந்தேகம் அது. புத்தி பிசகுவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் எல்லா ஆசிரியர் அறையிலும் ஒருவர் பாடம் நடத்துவதோடு பற்பசை, சத்துமாவு, முகப்பூச்சு எல்லாம் விற்பார். எங்களுக்குக் கணக்கு வாத்தியார். அவருடைய மேசைக்குப் பின்னால் மேற்குப் பார்த்த ஜன்னல். சரக்கு மொத்தமும் அந்த ஜன்னல் திட்டில், சாக்பீஸ் பெட்டிகளுக்கு நடுவே, தினமும் மூன்று மணி வெயிலைக் குடித்துக்கொண்டிருக்கும். தடத்தை மங்க வைக்கும் என்று சொல்லி அவர் விற்ற அந்தச் சீசா அங்கிருந்துதான் வந்தது. வெள்ளைக் கண்ணாடி, தங்க நிற மூடி, உள்ளே டீத்தண்ணி.

வாங்கியதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். வைட்டமின் சி தோலுக்குள் இறங்க அமிலத்தன்மை வேண்டும் என்று எங்கோ அரைப்பக்கம் படித்திருந்தேன். ஆகவே முதலில் எலுமிச்சைச் சாறு தேய்த்துக் கழுவிவிட்டு, அப்புறம் சீரம் என்று எழுதிக் கொடுத்தேன். காலை, மதியம், மாலை. ஒரு வேளை போட்டாலே பலன் உண்டென்றால் மூன்று வேளைக்கு மும்மடங்கு என்பது என் கணக்கு. இந்த இடத்தில் கணக்கு வாத்தியாரையும் குறை சொல்ல முடியாது.

நான்காம் நாள் சாயங்காலம் கொழுந்தியாள் வீட்டுக்கு வந்தாள். துப்பட்டாவை விலக்கினாள். தடம் இருந்த இடம் மட்டுமல்ல, தடம் இல்லாத இடமும் சேர்ந்து செக்கச் செவேலென்று தடித்திருந்தது.

"எரியுது மச்சான்."

"வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

"வேலை செய்யுதா? அப்ப உங்க மூஞ்சியில கொஞ்சம் வேலை செய்யச் சொல்லுங்களேன்."

மனைவி சமையலறையில் இருந்த எலுமிச்சம் பழங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் ஞாயிறு. கோயிலில் கொழுந்தியாளுக்கும் மாப்பிள்ளைக்கும் இரண்டாவது ஓலை வாசிக்கிறார்கள். எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஃபாதர் மணமக்கள் பெயரை அறிவித்து, யாருக்காவது ஏதாவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்பார். கொழுந்தியாள் முக்காட்டை மூக்கு நுனி வரை இழுத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் ஒரு பெரியம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணம் கிட்ட வர வர உன் தங்கச்சிக்கு எம்புட்டு பக்தி பாத்தியா" என்று கண் கலங்கினார். தடை என்று ஃபாதர் சொன்னபோது நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த ஒரே தடை நான்தான்.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த தோல் டாக்டரிடம் போனோம். காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் எனக்குள் ஒரே கேள்விதான். தடம் விழுந்துவிடுமா? புள்ளிகளாக இருந்ததை நான் பட்டையாக்கிவிட்டேனா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வழியெல்லாம் என்னைக் கிண்டல் செய்துவந்தவள்தான். அங்கே கைப்பை வாரை முறுக்கிக்கொண்டு, "அவரோட அக்கா என்னைப் பாத்தா என்ன மச்சான் சொல்லும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

டாக்டர் அம்மா விளக்கைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார். சீசாவை வாங்கிப் பார்த்தார். எலுமிச்சை விவரத்தையும் கேட்டுக்கொண்டு, "யார் சொன்னது?" என்றார்.

கொழுந்தியாள் என்னைக் காட்டினாள்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"வாத்தியார்."

"என்ன பாடம்?"

தமிழ் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"கெமிஸ்ட்ரி டாக்டர்" என்றாள் கொழுந்தியாள். "பிளஸ் டூவுக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். "இது வெறும் எரிச்சல்தான். புண்ணாகல. தடம் விழாது. ஒரு வாரம் எதையும் போடாதீங்க. வெறும் தண்ணியில கழுவிட்டு இந்தக் க்ரீம் மட்டும். வெயிலுக்கு முகத்தை மூடிக்கிட்டுப் போங்க" என்றார்.

தடம் விழாது. நான் படித்த நல்ல வாக்கியங்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பதுண்டு. இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு அழகாக ஒன்று அதில் இல்லை. இரண்டு நாளாக நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனது போல இருந்தது. கொழுந்தியாள் மூச்சு விட்ட சத்தம் எனக்கே கேட்டது.

அந்தத் தைரியத்தில், "அப்ப நல்ல சீரமா எப்படிப் பாத்து வாங்குறது டாக்டர்?" என்று கேட்டேன். வெட்கமில்லை என்று நினைத்திருப்பார். ஆனாலும் சொன்னார். தண்ணி மாதிரியோ இளம் வைக்கோல் நிறத்திலோ இருக்க வேண்டும். பழுப்பேறினால் அது செத்துப்போன மருந்து. வெளிச்சம் புகாத அடர்ந்த நிறச் சீசா, அதுவும் சின்னதாக. பெரிதாக வாங்கினால் முடிவதற்குள் கெட்டுவிடும். தயாரித்த தேதி பார்க்க வேண்டும். முதல் தடவைக்குப் பத்து சதவீதம் இருந்தால் போதும், இருபதுக்குப் பறக்க வேண்டாம். காலையில் ஒரு வேளை, நாலு சொட்டு, அதன் மேல் வெயில் தாங்கும் க்ரீம். முகத்தில் போடும் முன் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். "தடம் மங்க ரெண்டு மூணு மாசம் ஆகும். கல்யாணத்துக்குள்ள அதிசயம் எதிர்பாக்காதீங்க" என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் தாகமாக இருந்தது. பெட்டிக்கடையில் நின்று, "லெமன் சோடா சாப்பிடுவோமா?" என்றேன், பழக்கதோஷத்தில்.

"மச்சான், அந்தப் பழத்தோட பேரை என் கல்யாணம் முடியிற வரைக்கும் சொல்லாதீங்க" என்றாள். ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்தோம். பாதி குடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்து மூக்கில் ஏறிவிட்டது. நிச்சயத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த சனிக்கிழமை மருந்துக்கடையில் இருந்து இரண்டு புதுச் சீசாக்கள் வாங்கிக்கொண்டு, பழையதையும் எடுத்துக்கொண்டு பள்ளி ஆய்வகத்துக்குப் போனேன். நான் ஒரு வாரம் முன்னால் செய்திருக்க வேண்டிய காரியம் அது. சோற்றுக் கஞ்சியில் அயோடின் விட்டால் கருநீலமாகும். அதில் வைட்டமின் சி விழுந்தால் நிறம் போய்விடும். எத்தனை குறைந்த சொட்டில் போகிறதோ, அத்தனை சரக்கு உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட சொல்லிக் கொடுக்கலாம். கொழுந்தியாள் பக்கத்தில் கை கட்டி நின்று பார்த்தாள். பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவள் மாதிரி.

கணக்கு வாத்தியாரின் சீசாவில் முக்கால் பங்கை ஊற்றிய பிறகும் நீலம் அசையவில்லை. கடைச் சீசாக்களில் ஒன்று பன்னிரண்டு சொட்டு கேட்டது. இன்னொன்று, இருப்பதிலேயே சின்னதும் மூடி அழகில்லாததுமான சீசா, ஐந்தாவது சொட்டில் கஞ்சியைப் பழைய கஞ்சியாக்கிவிட்டது.

"இதான்" என்றேன்.

"கஞ்சிக்குச் சரி" என்றாள் அவள். "என் கை என்ன சொல்லுதுன்னு பாப்போம்." முழங்கையில் தடவி, இரண்டு நாள் இல்லை, நாலு நாள் பார்த்தாள். எரியவில்லை. அதன் பிறகுதான் முகத்துக்குப் போனது. சீசா ஃப்ரிட்ஜில், முட்டைகளுக்குப் பக்கத்தில், இருட்டில் இருந்தது. வெயிலில் போகும்போது முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. தடங்கள் நேர்மையாகச் சொன்னால் கொஞ்சம்தான் மங்கியிருந்தன. ஆனால் நிமிர்ந்த தலையோடு பீடத்துக்கு நடந்து போனாள். எனக்கு அது போதும். மாப்பிள்ளையின் அக்கா அவளைக் கிட்டத்தில் பார்த்து, "முகம் நல்லா தெளிஞ்சிருக்கே" என்றபோது, நான் சம்பந்தமில்லாத ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

மறுவீட்டு விருந்துக்கு வந்தபோது, வெற்றி மிதப்பில் மாப்பிள்ளையிடம் முழுக்கதையையும் சொன்னேன். தடம், எலுமிச்சை, டாக்டர், அயோடின், ஐந்தாவது சொட்டு. மூக்குக்கண்ணாடிக்குள் இருந்து அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், இலையில் இருந்த அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னார்:

"எந்தத் தடம் அண்ணே? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, கண்ணாடி போட்டா வயசாத் தெரியும்னு கழட்டிப் பையில வச்சிட்டேன். நிச்சயத்துக்கும் போடல, கல்யாணத்துக்கும் போடல. நேத்துத்தான் போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"