சுத்தமான கிளிசரின்

கம்ப்யூட்டரில் நான் தயாரித்த ஹைட்ரஜனுக்கு அளவே இல்லை. நிஜத்தில் ஒரு பலூனைக்கூட நிரப்பியதில்லை.

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். பஜ்ஜி சுட்ட பழைய எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுத்தால் கிளிசரின் கழிவாக மிஞ்சும். அதை நீராவியோடு சூடாக்கினால் எவ்வளவு ஹைட்ரஜன் வரும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. கழிவில் என்னென்ன கலந்திருக்கிறது என்று முதலில் அதற்குச் சொல்ல வேண்டும். படப்பையில் பயோடீசல் தயாரிக்கும் ஓர் அண்ணனுக்கு போன் செய்தேன்.

"உங்க கிளிசரின் எப்படி இருக்கும்ணா?"

"ஏ ஒன் சரக்கு மேடம். சுத்தமா கீது. ஒரு கொற சொல்ல முடியாது."

என்னை வாங்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். வியாபாரி வேறென்ன சொல்வார்? மண்டையில் மசாலா இல்லாத நான் நூறு சதவீதம் சுத்தம் என்று தட்டினேன். நான் தங்கியிருந்த பீர்க்கன்கரணையிலிருந்து பஸ் ஏறிப் போய் ஒரு பாட்டில் வாங்கி வந்திருக்கலாம். சோம்பல்.

கிராஃப் ஜோராக ஏறியது. நெறியாளர் சாருக்கு ஒரே சந்தோஷம். அண்ணனுக்கும் வாட்ஸப்பில் அனுப்பி, "உங்க கழிவுக்கு நல்ல காலம் வந்தாச்சுண்ணா" என்றேன். அதுதான் நான் செய்த பாவம்.

கடைசி அத்தியாயத்துக்கு அசல் சாம்பிள் வேண்டும் என்று சார் கேட்ட பிறகுதான் படப்பை போனேன். ஷெட்டில் கால் வைக்க இடமில்லாமல் டிரம்கள். உள்ளே கருப்பாக, சோப்பு நுரையோடு, கூழ் மாதிரி கிடந்தது. சுவரில் என் கிராஃப், லேமினேட் செய்து மாட்டியிருந்தார்.

"டிரம்ம எடு, இல்ல காலி பண்ணுன்றாரு ஷெட்டுக்காரரு. மேடம் வருவாங்கன்னு சொல்லி வெச்சிகினு கீறேன். ஒரு சொட்டு வெளிய ஊத்தல."

ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தேன். சாம்பிளைச் சோதித்தால் உப்பு, சோப்பு, மெத்தனால், எல்லாம் இருந்தது. அதைச் சுத்தம் செய்யும் செலவையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். லாபக் கோடு தரையோடு படுத்துவிட்டது.

மறுநாளே போய்ச் சொன்னேன். "இது ஆகாதுண்ணா. தப்பு என்னோடது." திட்டியிருந்தால் தேவலை. அவர் கிராஃபையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இதுல ஓடுனது யாரோட கழிவு மேடம்?"

அவரே கிராஃபை ஆணியிலிருந்து கழற்றி, சட்டையில் தூசி துடைத்து, என் கையில் கொடுத்தார்.

எனக்குப் பட்டம் வந்துவிட்டது. ஆய்வின் தலைப்பில் கிளிசரினுக்கு முன்னால் 'சுத்தமான' என்று ஒரு சொல்லைத் தேர்வாளர்கள் சேர்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த ஷெட்டில் இப்போது வேறு யாரோ டயர் அடுக்கியிருக்கிறார்கள்.