வரப்போரப் புளிச்சை

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. அதிலும் சிரித்துக்கொண்டே பேப்பரை நீட்டுகிறவனைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பேன். 2009 வாக்கில் என் மனைவியின் தம்பி அப்படித்தான் நீட்டினான். சிதம்பரத்தில் படித்தவன். அரசு வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி.

“கஞ்சாவுலயே போதை இல்லாத ரகம் இருக்கு மாமா. வெளிநாட்டுல நாருக்குப் பயிர் பண்றாங்க. இங்கயும் அனுமதி கேட்டு மனு போடலாம். நெலம் இருக்கிறவங்க கையெழுத்து வேணும்.”

“வேற எவன் நெலமும் கெடைக்கலையா மச்சான்?”

பண்ருட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை. நிலக்கடலை விளைந்தால்தான் எங்களுக்குச் சோறு. அதை எழுதி வாங்கப் பார்க்கிறானோ என்று மூன்று முறை படித்தேன். ஒன்றும் சிக்கவில்லை. திங்கட்கிழமை கடலூர் போய், கலெக்டர் ஆபீஸில் என் பெயரில் மனுக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் ஒரு போலீஸ்காரர் கொல்லைக்கே வந்துவிட்டார். அனுமதி கேட்கிறவன் முன்கூட்டியே விதைத்திருப்பான் என்று அவருக்குச் சந்தேகம். சந்தேகப்படுவதில் அவரும் என்னை மாதிரிதான்.

மல்லாட்டை விதைத்தால் வரப்போரம் ஒரு வரிசை புளிச்சக்கீரை போடுவது எங்கள் வழக்கம். இலை கடைவதற்கு, நார் மாடு கட்ட. ஆளுயரத் தண்டு, விரல் விரித்த மாதிரி இலை, ஓரமெல்லாம் ரம்பப்பல்; பார்வைக்குக் கஞ்சாச் செடி மாதிரியே இருக்கும். அதன் முன்னால் போய் நின்றார்.

“இது என்னய்யா?”

புளிச்சை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த முறை விதை தூவியது மச்சான். பாவி, விதையை மாற்றிவிட்டானோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எல்லாம் என் மச்சான் வேலை. அவனைக் கேளுங்க.”

பெயரும் விலாசமும் சொன்னேன். எழுதிக்கொண்டார். அதற்குள் என் மனைவி வந்து ஓர் இலையைப் பறித்து மென்றாள்.

“புளிச்சக்கீரை சார். தின்னு பாருங்க.”

தின்றார். முகத்தைச் சுளித்தார். ஒரு கட்டு கீரையும் வாங்கிப் போனார். எழுதியதை அடித்தாரா என்று நான் கேட்கவில்லை.

கூடத் தேர்வானவர்களுக்கெல்லாம் உத்தரவு வந்தது. மச்சானுக்கு வரவில்லை. பொங்கலுக்கு வந்தவன் சாப்பிடும்போது கேட்டான்.

“கஞ்சா விசாரணைன்னு என் பேர்ல ஒரு குறிப்பு இருக்காம் மாமா. என் பேரை யாரு குடுத்திருப்பா?”

“மனுவுல இருந்திருக்கும் மச்சான்.”

மனுவை எழுதியவனே அவன்தான். அதில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. அவன் இலையை மூடிவிட்டு எழுந்தான்.